அறியாத அக்கறை

கிள்ளான் பள்ளத்தாக்கில் சப்பாத்திக்கள்ளி தாகத்தால் செத்ததை நான் பார்த்ததில்லை. தண்ணீரால் செத்தவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் தாழ்வாரத்திலும், கிள்ளான் தாமான் வீடுகளின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்திலும், துளசிக்கும் கற்றாழைக்கும் நடுவே ஒரு தொட்டியில் அது நிற்கும். வாங்கி வந்த புதிதில் தட்டுத் தட்டாக, விறைப்பாக, நல்ல பச்சையாக இருக்கும். காலையில் மற்றச் செடிகளுக்கு ஊற்றுகிறவர் அதற்கும் ஒரு குவளை ஊற்றுவார். இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அடித்தட்டு மண்ணைத் தொடும் இடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கறை தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். மேலே உள்ள தட்டுகள் அப்போதும் பச்சைதான். கொஞ்சம் சுருங்கியிருக்கும், அவ்வளவே. வாடுகிறது என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் கறுத்த சகதியும் கெட்ட நாற்றமும் மிஞ்சியிருக்கும்.

“தினமும் தவறாம தண்ணி ஊத்தினேனே அக்கா, எப்படி அழுகிப்போச்சு?” என்று நர்சரியில் வந்து கேட்பவர்களின் குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அலட்சியக்காரர் வீட்டில் அந்தச் செடி ஒருவேளை பிழைத்திருக்கும். “தினமும் ஊத்தினதுதாம்மா” என்ற பதிலைச் சொல்ல, கேட்கப்படுகிறவருக்கும் மனம் வராது. அன்பாகச் செய்த ஒன்றே கொன்றது என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சின்னத் துயரத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அக்கறை இருந்தால் போதும், மற்றவை தானாக வரும் என்று நாம் நம்புகிறோம். பிள்ளை வளர்ப்பில், முதியவர்களைப் பார்த்துக்கொள்வதில், நாட்டை ஆள்வதில்கூட அந்த நம்பிக்கை இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியின் வரலாறு முழுவதும் அதற்கு எதிரான சாட்சியம். எதைப் பராமரிக்கிறோமோ அதை அறியாத அக்கறை, கெடுதல் செய்கிறவனின் கையைப் போலவே வேலை செய்யும். இதை ஒரு தொட்டிச் செடியிலும் பார்க்கலாம், ஒரு பேரரசின் திட்டத்திலும் பார்க்கலாம்.

முதலில் செடியைப் பார்ப்போம். சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்றெல்லாம் நாம் சொல்லும் ஒபன்ஷியா இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாம் இலை என்று எண்ணும் தட்டு உண்மையில் தண்டு. இலைகள் இளந்தட்டில் மட்டும் சிறு கூம்புகளாகத் தோன்றிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதன்பின் தண்டே உணவு சமைக்கிறது, தண்டே தண்ணீரைச் சேமிக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் மூச்சுத்துளைகளைத் திறக்கும். இதுவோ பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் வாங்கிய கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதை உணவாக்கும். தண்ணீரை வெளியே விடாமல் வாழ அது கண்ட வழி இது. வேர்கள் ஆழம் போகாமல் மேல்மண்ணில் அகலமாகப் படர்கின்றன. எப்போதோ பெய்கிற மழையை விரைவாக உறிஞ்சிக்கொண்டு, காய்ந்த மண்ணில் அடுத்த மழைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க ஏற்ற வேர்கள் அவை.

இப்படிப்பட்ட உடலை நாம் எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்? தூத்துக்குடியில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோலாலம்பூரில் 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். ஏப்ரலிலும், மறுபடி அக்டோபர் நவம்பரிலும், பிற்பகல் ஆனால் இடியோடு கொட்டித் தீர்க்கும். மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. இரவு வெப்பம் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்ந்த இரவில் நன்றாக மூச்சு வாங்கும் செடிக்கு இந்த வெம்மையான இரவு உதவாது. வற்றாத ஈரமுள்ள மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சுமுட்டிச் சாகும். செத்த வேர் வழியாகப் பூஞ்சை ஏறும். தேநீர் நிறக் கறை கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆகவே இங்கே சப்பாத்திக்கள்ளி வளர்ப்பதென்பது, இந்த ஊரின் தாராளத்திலிருந்து அதைக் காப்பாற்றுவதுதான். அது முடியாத காரியமில்லை.

மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நர்சரிப் பையோடு வரும் கறுப்பு மண்ணில் தேங்காய் நார்த்தூளும் மட்கிய இலையும் இருக்கும். அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். கீரைக்கு நல்லது, கள்ளிக்கு ஆகாது. பாதிக்கு மேல் பியூமிஸ் கல், பெர்லைட், நன்றாகக் கழுவிய கரடான ஆற்று மணல் ஆகியவற்றைக் கலந்து, மீதியைத் தோட்ட மண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் எண்ணிச் சில நொடிகளில் அடியில் வழிய வேண்டும். தேங்கி நின்று மெதுவாக இறங்கினால் மண் சரியில்லை. பிளாஸ்டிக்கைவிடச் சுட்ட மண்தொட்டி மேல். அதன் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. தேங்கும் நீர் வேரை அழுகவைப்பதோடு நிற்பதில்லை, ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில் கட்டும். டிங்கிக் காய்ச்சல் ஆண்டுதோறும் மிகுதியாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். கொசு வளர இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஒரு செடிக்குச் செய்யும் தவறு அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலாகலாம்.

அடுத்தது இடம். வெயில் விழ வேண்டும், மழை விழக் கூடாது. கார் நிறுத்தும் கூரையின் ஓரம், ஒளி புகும் பாலிகார்பனேட் தகட்டின் அடி, கிழக்கோ மேற்கோ பார்த்த மாடத்தின் உள்விளிம்பு ஆகியவை பொருந்தும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். போதாவிட்டால் செடியே சொல்லிவிடும்: புதுத் தட்டு அகலமாக விரியாமல் விரல்போல் நீண்டு வெளுத்து வளைந்து வரும். அப்படி வந்த தட்டு பிறகு எவ்வளவு வெயில் பட்டாலும் அகலமாகாது. மறுபக்கம், கடையில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியைக் கொண்டுவந்த அன்றே உச்சிவெயிலில் வைத்தால் தோல் வெந்து, தேமல்போல் ஆறாத வெள்ளைத் தழும்பு விழும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது. சத்தே குச்சி ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சி குளிர்ந்திருந்தாலோ, மண் ஒட்டியிருந்தாலோ ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தாலும் இன்னும் சில நாள் பொறுக்கலாம். தட்டு மெலிந்து இலேசாகச் சுருக்கம் விழும் வரை காத்திருந்தாலும் செடிக்குக் கேடில்லை. ஊற்றும் நாளில் அடியில் வழியும் வரை நன்றாக ஊற்றிவிட்டுப் பிறகு மறந்துவிட வேண்டும். தினமும் கொஞ்சம் என்பது மற்றச் செடிகளின் சட்டம்.

அழுகத் தொடங்கிய செடியையும் மீட்கலாம். கறை ஏறாத மேல்தட்டைச் சுத்தமான கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டுவாய் முழுவதும் வெளிர் பச்சையாக இருந்தால் தப்பித்தது. ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்ட வேண்டும். இங்கே இரக்கம் பார்த்தால் முழுவதும் போய்விடும். வெட்டிய தட்டை உடனே நட்டுவிடக் கூடாது. காற்றோட்டமான நிழலில் பத்து நாள் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். அதன் பிறகு கல்லும் மணலுமான கலவையில் ஒரு விரல் ஆழம் நிறுத்தி வைத்து, வேர்விடும் வரை ஊற்றாமல் இருக்க வேண்டும். செடிக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று துடிக்கிற கைக்கு இந்த நாட்கள்தான் கடினமானவை.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீண்ட முள்ளைவிட, அதன் அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பஞ்சுப்பொட்டுப் போலிருக்கும் நுண்முட்களே ஆபத்தானவை. ஒவ்வொன்றும் மயிரைவிட மெல்லியது, நுனியில் பின்னோக்கிய கொக்கி உடையது. தொட்ட மாத்திரத்தில் கழன்று தோலில் தங்கிவிடும். ‘முயல்காது’ என்று அழகுக்காக விற்கப்படும் வகையில் நீண்ட முள்ளே இல்லை. அதனால்தான் குழந்தைகள் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு பொட்டில் நூற்றுக்கணக்கான நுண்முட்கள் இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த வகை வேண்டாம். எந்த வகையாயினும் கையால் பிடிக்காமல், செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் சுற்றிப் பிடித்து நட வேண்டும்.

சில சமயம் தட்டின் மேல் வெண்பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். மாவுப்பூச்சியாக இருக்கலாம், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும். ஆனால் அந்தப் பஞ்சை நசுக்கினால் விரலில் இரத்தம்போல் அடர்சிவப்புக் கறை படிந்தால், அது கொச்சினீல் குடும்பப் பூச்சி. அந்தச் சிவப்புக்காகத்தான் இந்தச் செடியும் பூச்சியும் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்லப்பட்டன.

மெக்சிகோவின் பழங்குடி மக்கள் கள்ளியில் கொச்சினீல் பூச்சியை வளர்த்துச் சாயம் எடுத்துவந்தார்கள். ஸ்பானியர் அந்த வணிகத்தைக் கைப்பற்றி இரகசியமாகக் காத்தார்கள். ஐரோப்பிய அரசவைகளின் ஆடையும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்பு அங்கியும் அந்தச் சாயத்தை நம்பியிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் பங்கு வேண்டியிருந்தது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களில் அந்த வேலையை மேற்கொண்டார். சென்னையில் ஒரு புல்லில் கண்ட பூச்சியையே கொச்சினீல் என்று நம்பி இலண்டனில் இருந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். அது அந்தப் பூச்சி அல்ல என்று தெரிந்த பிறகும் அவர் சோர்ந்துபோகவில்லை. சைதாப்பேட்டையில் கம்பெனிக்காக ஒரு கள்ளித் தோட்டம் அமைந்தது. அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெரி அதைக் கவனித்துக்கொண்டார். ஆண்டர்சனின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. விடாமுயற்சியாலும் நல்ல நோக்கத்தாலும் ஒரு காரியம் வெல்லும் என்றால் அது வென்றிருக்க வேண்டும்.

1795-இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து உயிரோடு பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவை மெக்சிகோவில் வளர்க்கப்பட்ட இனம் அல்ல. அதன் காட்டு உறவு. சாயம் மட்டமானது. பசியோ பெரியது. வளர்க்க வைத்திருந்த கள்ளியையே அது அரித்துத் தீர்த்தது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி அந்தப் பூச்சியாலேயே பெரும்பாலும் அழிந்தது. நல்ல சாயம் கிடைக்கவில்லை, தோட்டமும் மிஞ்சவில்லை. ஒரு பூச்சிக்கும் அதன் நெருங்கிய உறவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாததன் விலை அது.

தமிழ்நாட்டில் நிலைத்தது இன்னொரு வகை, நீண்ட மஞ்சள் முள்ளும் ஊதாச் சிவப்புப் பழமும் உடைய டில்லெனி. பிரேசில் பூச்சிக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கு நட்டார்கள், வேலியைத் தாண்டி வயல், மேய்ச்சல் நிலம், கண்மாய்க் கரை என்று பரவியது. பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் சுட்டு மாட்டுக்குப் போட்டார்கள். பிள்ளைகள் பழத்தைத் தரையில் உருட்டி நுண்முள்ளைத் தேய்த்துவிட்டு, உள்ளே நடுவில் இருக்கும் முள்ளை எடுத்துப்போட்டுவிட்டு, நாக்குச் சிவக்கத் தின்றார்கள். ஆனால் நிலம் நிலமாகப் போய்க்கொண்டிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது. இந்தக் கள்ளியைத்தான் தின்னும் என்று அறிந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வரவழைக்கப்பட்டு, அங்கே பயன் கண்ட பூச்சி. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தையும் நியூ சவுத் வேல்ஸையும் மூடியிருந்த கள்ளிக்காட்டை அர்ஜென்டினாவின் ஓர் அந்துப்பூச்சி வீழ்த்தியது. பூனார்கா என்ற ஊர் மக்கள் நன்றியோடு அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே 1936-இல் கட்டினார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால், அறிவு வந்தது, தீமை ஒழிந்தது என்று எழுதிவிடலாம். திருநெல்வேலியை மீட்ட அதே பூச்சி 2014-இல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே சப்பாத்திக்கள்ளி களை அல்ல. மக்கள் உண்ணும் பழம், ஆட்டுக்குத் தீனி, வறண்ட மலைச்சரிவில் ஏழை விவசாயியின் வருமானம். சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக வெண்பஞ்சு மூடிக் காய்ந்துபோயிற்று. நெருங்கிய உறவுச் செடிகள், ஒரே வகைப் பூச்சி. ஓரிடத்தில் விடுதலை, இன்னோரிடத்தில் பட்டினி. நல்லது கெட்டது செடியின் உடம்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த மண்ணில், யாருடைய வாழ்வுக்கு நடுவில், யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதனால்தான் அறிவும் ஒருமுறை பெற்றுச் சேமித்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக இல்லை. இடந்தோறும் புதிதாகப் பெற வேண்டியிருக்கிறது.

கள்ளிவேலிகள் மண்டிக்கிடந்த தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்துதான் நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் நடந்தும் ரயிலேறியும் வந்து, பினாங்கிலும், 1901-இல் திறக்கப்பட்டு இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் துளசியும் வேம்பும் வளர்ந்தன. வெட்டி மாளாத கள்ளியை யாரும் ஆசையாக மூட்டையில் கட்டியிருக்க மாட்டார்கள். இந்தத் தலைமுறைக்கு அது அலங்காரச் செடி வணிகத்தின் வழியாக, கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் உள்ள கள்ளித் தோட்டங்களிலிருந்தும் நகரத்து நர்சரிகளிலிருந்தும் வருகிறது. பழத்தின் நடுமுள்ளை எடுக்கத் தெரிந்திருந்த பாட்டிமார்களின் அறிவு நம் கைக்கு வரவில்லை. அவர்கள் அந்தச் செடியை நேசிக்கவில்லை, ஆனால் அறிந்திருந்தார்கள். நாம் நேசித்து வாங்குகிறோம், அறியாமல் ஊற்றுகிறோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வாங்க நினைப்பவர் சுங்கை பூலோவுக்குப் போகாமல் இருக்க முடியாது. சாலையோரம் வரிசையாக நர்சரிகள். அந்த வரிசை எப்படி வந்தது என்பதைச் செடி வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது தொழுநோயாளர் குடியிருப்பின் நிலம். கோலாலம்பூரில் பழைய விடுதியில் நோயாளிகள் அடைபட்டுக் கிடந்த அவலத்தைக் கண்டு, டாக்டர் ஈ.ஏ.ஓ. டிராவர்ஸ் அவர்களுக்கு வீடும் தோட்டமும் கொண்ட ஒரு குடியிருப்பு வேண்டும் என்று வாதாடினார். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிச் செல்லும் ஜாலான் டிராவர்ஸ் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறு வீடுகள், பள்ளி, வழிபாட்டிடங்கள் எல்லாம் இருந்தன. சீனர், மலாய்க்காரர், தமிழர் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தார்கள்.

அக்காலத்துக்கு அது பெரிய கருணை. அந்தக் கருணைக்குள்ளும் அறியாமை இருந்தது. நோய் எளிதில் தொற்றும் என்ற அச்சத்தில் அவர்களுக்கென்று தனி நாணயத்தாள் அச்சிட்டார்கள். சட்டத்தால் கட்டாயமாகப் பிரித்து வைத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து எடுத்து உறவினரிடமோ தத்துக்கோ கொடுத்தார்கள். செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்றே நம்பினார்கள். பிறகு டாப்சோன் மருந்து வந்தது. அதற்கும் கிருமி பழகிவிடும் என்பதை 1964-இல் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் நிரூபித்தது இதே சுங்கை பூலோ நோயாளிகளிடம்தான். 1980-களில் கூட்டு மருந்து முறை வந்து, இது முழுவதும் குணமாகும் நோய் என்றாயிற்று. சிகிச்சை தொடங்கினாலே தொற்று நின்றுவிடும் என்று இன்று தெரியும். அந்த அறிவு வருவதற்குள் பிரிக்கப்பட்ட தாய்க்கும் பிள்ளைக்கும் யார் ஈடு சொல்வது?

குணமான பின்னும் வெளியே இடமில்லாதவர்கள் அந்த நிலத்திலேயே பூவும் செடியும் வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்றைய நர்சரி வரிசை அவர்கள் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. தொழுநோய் விரல்களின் உணர்வை எடுத்துக்கொள்ளும். முள் குத்தினால் வலிக்காது. வலிக்காததால் முள் உள்ளே இருப்பது தெரியாது. தெரியாத முள் சீழ்பிடித்துப் புண்ணாகி விரலையே தின்னும். அதனால் உணர்விழந்தவர்கள் வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் கண்ணுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவம் கற்பிக்கிறது. உணர்வு இல்லாத இடத்தில் பார்வை வேலை செய்ய வேண்டும். அப்படி ஒவ்வொரு நாளும் தம் கையைத் தாமே ஆராய்ந்தபடி மண்ணில் உழைத்தவர்களிடமிருந்து இந்த நகரத்தின் வீடுகளுக்குச் செடிகள் போயின. குடியிருப்பின் ஒரு பகுதி 2007-இல் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியது 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலைவிட, அங்கிருந்து செடியைக் கொண்டுபோகிறவர் அந்தக் கைகளை நினைப்பதே நான் வேண்டும் மரியாதை.

கள்ளி வாங்குவதற்கு ஏன் இத்தனை என்று யாராவது கேட்கலாம். ஐந்து ரிங்கிட் பத்து ரிங்கிட் செடி. செத்தால் இன்னொன்று வாங்கலாம். இந்த எளிமையைத்தான் நான் மறுக்கிறேன். தமிழ்நாட்டில் சப்பாத்திக்கள்ளிக்கு யாரும் தேவைப்படவில்லை. அது தானாக வாழ்ந்தது, தேவைக்கு மேலும் வாழ்ந்தது. இந்த மழை ஊரில் பல வகைகள் ஒரு மனிதரின் கவனம் இல்லாமல் ஓராண்டு தாங்கா. தன் விருப்பத்தால் வராத, திரும்பிப் போக முடியாத ஓர் உயிர் முழுக்க நம்மை நம்பி நிற்கிறது. கொண்டுவந்தது நாம். ஆகவே அறிய வேண்டிய கடமையும் நம்முடையது.

அந்தக் கடமை பெரிய படிப்பைக் கேட்கவில்லை. வாங்குவதற்கு முன் அது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முள் குறைந்த, கொச்சினீல் பெயரையே தாங்கிய கொச்செனிலிஃபெரா வகை இந்த ஈரத்தை ஓரளவு பொறுக்கும். பாலைவனத்து வகைகள் பொறுக்கமாட்டா. வெண்பஞ்சு தெரிந்தால் மற்றச் செடிகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். வெட்டிய தட்டுகளை ஆற்றோரத்திலோ காலி மனையிலோ வீசாதீர்கள். ஊருக்குப் போகும்போது அழகாக இருக்கிறதே என்று ஒரு தட்டைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் இருக்கிறது. விலக்குகளும் உண்டு, ஆனால் விதியை அறியாமல் எல்லை தாண்டக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு தட்டும் ஒரு பூச்சியும் எல்லை தாண்டியதால் என்ன ஆயிற்று என்பதைச் சைதாப்பேட்டையும் திருநெல்வேலியும் மொராக்கோவும் சொல்லியிருக்கின்றன.

கடைசியாக ஒன்று. வெயில் எட்டாத மாடத்தில் வாழ்கிறவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். எதிர்க் கட்டடம் ஒளியை மறைத்த வீடுகள் பிரிக்பீல்ட்ஸில் நாளுக்கு நாள் கூடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர், எவ்வளவு பிடித்திருந்தாலும், சப்பாத்திக்கள்ளியைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். நிழலில் வாழும் நூறு செடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தன்னால் தர முடியாததை அறிந்து ஓர் உயிரை வேண்டாம் என்று சொல்வது, அதை வாங்கி வந்து அன்போடு அழுகவிடுவதைவிட உயர்ந்த அக்கறை.